கட்டைவிரலை மறந்த கை

வேலுவுக்கு,

பிள்ளைப்பாக்கத்திலிருந்து உன் அப்பா சொல்லச் சொல்ல, மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கி எழுதுகிற கடிதம் இது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். பதினொரு நாளாக நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. இசக்கி போனில் வாய்ஸ் அனுப்பிப் பார்த்தோம், அதையும் நீ கேட்கவில்லை. காகிதமாக இருந்தால் கையில் வாங்கியாவது வைப்பாய் என்று இந்த ஏற்பாடு. இசக்கி தென்காசிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட், அதனால் காலையில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. நான் பேசுகிறபடியே எழுதச் சொன்னேன். "தாத்தா, 'கீது'ன்னு எழுதுனேம்னா எங்க டீச்சர் ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்து அடிப்பாங்க. நான் திருத்தி எழுதுதேன், நீங்க சும்மா சொல்லுங்க" என்கிறாள். ஆகவே சேதி என்னுடையது, இலக்கணம் அவளுடையது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகளைப் பார்க்காமல் நான் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பி வந்தது, அவள் பெண்ணாகப் பிறந்ததற்காக இல்லை. "பொட்டப் புள்ளைன்னு தெரிஞ்சதும் எங்கண்ணன் மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டாரு பாரு" என்று வாலாஜாபாத் அத்தை வராண்டாவில் நின்று சொன்னதும், அதைக் கேட்டு ரேவதி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் காரணம் சொல்லாமல் போனேன். சொல்லாமல் விட்ட இடத்தில் பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் வைக்க வேண்டியது எது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதை ரேவதிக்குப் படித்துக் காட்டு. அத்தைக்கும் காட்டு. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று வருகிறவர்கள் எல்லாருக்கும் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது என்று சட்டம். நீ டாக்டரிடம் கெஞ்சி, தாத்தாவுக்கு மட்டும் ஐந்து நிமிஷம் என்று அனுமதி வாங்கினாய். அந்த வார்டுக்கு வெளியே ஒரு கை கழுவும் தொட்டி இருந்தது. நான் சோப்பைப் போட்டு இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துவிட்டுக் குழாய்ப் பக்கம் நீட்டினேன். பச்சை உடுப்புப் போட்ட அந்த நர்ஸம்மா, "பெரியவரே, இருங்க இருங்க. அந்தக் கட்டைவிரல் யாருது, பக்கத்து வூட்டுக்காரருதா?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் அதைத்தான் விட்டுர்றாங்க. எதையும் புடிக்கறது அது, கழுவாம தப்பிச்சிக்கறதும் அது" என்று சொல்லி, கட்டைவிரலை மற்றக் கைக்குள் பிடித்துத் திருகித் திருகிக் கழுவிக் காட்டியது. நானும் அப்படியே கழுவினேன். பிறகு, "காய்ச்சல், சளி, ஒடம்புல புண்ணு ஏதாச்சும் கீதா?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், எங்கப்பா கல்லு மாதிரி" என்றாய். நர்ஸம்மா அங்கியை என் பக்கம் நீட்டியது. நான் அதை வாங்கவில்லை. "வேணாம்ப்பா, நீ போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். "இன்னாப்பா, இன்னா ஆச்சு?" என்று நீ கூப்பிட்டது மாடிப்படி வரைக்கும் கேட்டது. நான் பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் இடது காலில் சுண்டுவிரல் இடுக்கில் ஒரு புண் இருந்தது. சர்க்கரைக்காரன் கால். ஒரு மாதமாக ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. உனக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தேன். நான் சாக்ஸ் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? கம்பெனியை விட்டு நின்ற பிறகு அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போது குனிந்து இரண்டு தடவை அந்த சாக்ஸை இழுத்துவிட்டேன். அதே கையோடுதான் உன் மகள் இருந்த வார்டுக்கு வந்தேன். கழுவினேன், சரி. ஆனால் புண் இருக்கிறது என்று சொல்லாமல் உள்ளே போயிருந்தால், நான் என் ஆயுசில் மூன்றாவது தடவையாக அதே தப்பைச் செய்தவனாகியிருப்பேன். முதல் இரண்டையும் சொன்னால்தான் இது உனக்கு விளங்கும்.

நம் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு ஒரகடத்தில் கார் கம்பெனியில் நான் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் எங்கே துடைத்தேன் என்று நீ கேட்டதில்லை. பெயிண்ட் ஷாப். காருக்குப் பெயிண்ட் அடிக்கிற கூடம். உள்ளே போகிறவன் தலை முதல் கால் வரை மூடுகிற நூல் பிரியாத வெள்ளை உடுப்புப் போட வேண்டும். ஒரு சின்ன அறைக்குள் நின்றால் நாலு பக்கமும் காற்று அடித்து உடம்பிலிருக்கும் தூசியை உதிர்க்கும். அப்புறம் பசை தடவின பாய் மேல் நடந்து காலடித் தூசியை அதில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. நெற்றியில் திருநீறு இருந்தால் கேட்டிலேயே ஈரத் துணி கொடுப்பார்கள், துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு வருஷம் தினமும் துடைத்தேன். சாமி கோபித்துக்கொள்ளுமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஒரு துளி பொடி விழுந்தால் ஒரு கார் பானட் வீண். அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம், அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், உங்கம்மா காய்ச்சின எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு, தொப்பிதான் போடுகிறோமே என்று வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் வண்டிகளின் மேல் மீன் கண் மாதிரி குழி குழியாக விழ ஆரம்பித்தது. பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிவிடும். லைனை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் தலையாக மோந்துகொண்டு வந்தான். என் தலைக்கு வந்ததும் நின்றான். "யோவ் பெரிசு, வேலைக்கு வந்தியா, எண்ணெய்க் கத்திரிக்கா கொழம்புல குளிச்சிட்டு வந்தியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எண்ணெய் வைத்தாயா என்று காலையில் கேட்டபோது இல்லை என்று சொன்னவன் நான்தான். அன்றைக்கு என்னை வெளியே அனுப்பினார்கள், அத்தோடு முடிந்தது. தப்பு அரை நாளில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆளும் கண்டுபிடிக்கப்பட்டான், வண்டியைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். அது முதல் தடவை.

இரண்டாவது தடவையில் அப்படி மோந்து பார்க்க ஆள் இல்லை. உங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் ஆனபோது நீ ஓசூரில் அப்ரண்டிஸ் டிரெயினிங்கில் இருந்தாய். பெரிய ஆபரேஷன் இல்லை, ஐந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்றாம் நாள் நான் வல்லக்கோட்டைக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனை பண்ணித் திருநீறு வாங்கிவந்தேன். நெற்றியில் வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "வலிக்கிற எடத்துலயும் ரவ வையேன்" என்று அவள் கேட்டாளா, நானே சொன்னேனா என்பது மட்டும் எனக்கு நிச்சயமாக ஞாபகமில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கட்டின் ஓரத்தில் பிளாஸ்திரியைத் தூக்கி, கட்டைவிரலால் திருநீறைத் தொட்டு, தையல் மேலே இழுத்தேன். மறுபடி பிளாஸ்திரியை அழுத்தினேன். அந்தக் கை அதற்கு முன்னால் பஸ் கம்பியைப் பிடித்த கை, கோயிலில் செருப்பைக் கழற்றின கை. காருக்காக நெற்றித் திருநீறைத் துடைத்தவன், பெண்டாட்டியின் அறுத்த வயிற்றில் அதே திருநீறை வைத்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் சீழ். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராச்சும் கட்டைப் பிரிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். இசக்கி இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "ஏ தாத்தா, இதையுமா எழுதணும்?" என்கிறாள். எழுது என்று சொன்னேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், என் கை ஒன்றுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. உன் அத்தை வீட்டிலிருந்தும் பெரியப்பா வீட்டிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நோயாளியை வந்து பார்க்காவிட்டால் ஜென்மத்துக்கும் குறை சொல்லுவார்கள் என்று, சளி பிடித்தவனும் வந்தான், சேற்றுக் காலோடு வந்தவனும் கட்டிலில்தான் உட்கார்ந்தான். கட்டுப் போடுகிற ஆள் ஒருத்தன், பக்கத்துக் கட்டிலில் சீழ் துடைத்த அதே கிளவுஸோடு உங்கம்மாவின் கட்டைப் பிரித்தான். நான் அதைப் பார்த்தேன். தப்பு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பெயிண்ட் ஷாப்பில் ஒரு வண்டியைத் துடைத்த துணியால் அடுத்த வண்டியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவார்கள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கைநாட்டுப் பேர்வழி, வெள்ளைக் கோட்டு நடமாடுகிற இடத்தில் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவன் முறைத்திருப்பான், அவ்வளவுதான். கார் என்றால் மத்தியானத்துக்குள் காட்டிக்கொடுக்கும். உடம்பு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், அதற்குள் எத்தனையோ கைகள் பட்டுவிடும், யாரும் பொறுப்பு இல்லை என்றாகிவிடும்.

அப்புறம் மருந்து. ஒரு ஊசி போட்டார்கள், காய்ச்சல் நிற்கவில்லை. மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பின பிறகு டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பெரியவரே, இது சாதாரண மருந்துக்கெல்லாம் சாகாத கிருமி. மருந்தைக் கண்ட கண்டதுக்கு எல்லாரும் சாப்பிட்டுச் சாப்பிட்டு, தப்பிக்கிற வழியைக் கிருமி கத்துக்கிச்சு." நான் தலையாட்டினேன். எனக்கு ஞாபகம் வந்தது நம் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் தொங்குகிற மஞ்சள் பை. உனக்கு மூக்கு ஒழுகினாலும் சரி, எனக்குப் பல் வலித்தாலும் சரி, மெடிக்கல் ஷாப்பில் போய் "அந்த செவப்பும் கறுப்புமா கீற மாத்திரை ரெண்டு வேளைக்குக் குடு" என்று வாங்கி வருவேன். டாக்டரே அஞ்சு நாளைக்கு எழுதிக் கொடுத்தாலும் இரண்டு நாளில் சரியானதும் மிச்சத்தைப் பையில் போடுவேன், வீணாகக் கூடாது என்று. தெருவில் யாராவது கேட்டால் அதிலிருந்து கொடுப்பேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. பாதி மருந்தோடு விட்ட கிருமி, பாதி அடித்து விட்ட பாம்பு மாதிரிதான். சளிக்கு அந்த மாத்திரையே வேலை செய்யாது, அது வேறு கிருமி என்பதே டாக்டர் சொல்லி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கம்மா வயிற்றில் இருந்த கிருமி என் பையில் பழகினதா, அந்த ஆஸ்பத்திரியில் பழகினதா, யாருக்குத் தெரியும்? நாம் எல்லாரும் சேர்ந்து வளர்த்ததுதான்.

நாற்பது நாள் கிடந்தாள். நீ லீவு போட்டு வருகிறேன் என்றாய், சின்னத் தொந்தரவுதான் என்று நான் உன்னைத் தடுத்தேன். தையல் பிரிந்து, உள்ளிருந்து சதை வளர்ந்து மூடுகிற வரைக்கும், ஆஸ்பத்திரியிலும் அப்புறம் வீட்டிலும், தினமும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அவள் அதனால் சாகவில்லை. அதற்கு நாலு வருஷம் கழித்து நெஞ்சு வலியில் போனாள், இரண்டையும் முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் அந்த வயிறு அப்புறம் அவளுக்குச் சொந்தமாக இல்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. இருமினால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவாள். நான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், வீட்டில் கட்டு மாற்றும்போது, என் கையைப் பார்த்து, "சோப்பு போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். "இன்னொரு தபா போடு" என்றாள். அவ்வளவுதான் அவள் அதைப்பற்றிப் பேசினது.

இப்போது திரும்பவும் அந்தத் தொட்டிக்கு வா. நர்ஸம்மா புண் இருக்கிறதா என்று கேட்டபோது எனக்கு உங்கம்மாவின் டாக்டர் அன்றைக்குக் கேட்டதுதான் காதில் விழுந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தை பக்கத்தில் நின்றாள், நீ என்னைக் கல் என்று சொல்லி முடித்திருந்தாய். உண்மையைச் சொல்லக் கூச்சம், பொய் சொல்லப் பயம். அதனால் நடந்துவிட்டேன். அதுவும் முழு யோக்கியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாதி யோக்கியத்துக்கு ரேவதி அழுதாள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டினேன். புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை இசக்கிதான் பார்த்தாள். "தாத்தா, மருந்து பேரா வரிசையா போட்டிருக்கு. பக்கத்துல ஆர், ஆர், ஆர்னு போட்டிருக்கு. கடைசில ரெண்டே ரெண்டுக்குத்தான் எஸ்" என்றாள். ஆர் என்றால் அந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம். செல்லுகிற இரண்டில் ஒன்றை ஊசியாகப் போடுகிறார்கள், சொன்ன நாள் வரைக்கும் ஒன்று விடாமல் போய்ப் போட்டுக்கொள்கிறேன். புண்ணில் நீர் நின்றுவிட்டது. முழுதாக ஆறி, மூடி, டாக்டர் சொல்லுகிற வரைக்கும் பிள்ளைப் பக்கம் போகக் கூடாது என்றார். அன்றைக்கு நான் போயிருந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். "ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார். ஒன்றரைக் கிலோ கூட இல்லாத உடம்பில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வேன் வரும். அத்தை வருவாள், உன் கம்பெனி ஆட்கள் வருவார்கள், ஆளுக்கு ஒரு முத்தம் கொடுக்கப் பார்ப்பார்கள். வாசல் குழாயில் சோப்பு வைத்து நீயே நில்லு. ஆஸ்பத்திரியிலும் சரி, டாக்டரோ நர்ஸோ பிள்ளையைத் தொட வரும்போது, "கை கழுவிட்டீங்களா மேடம்?" என்று கேள். நல்ல ஆளாக இருந்தால் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை, நீ படித்தவன், தாங்கிக்கொள்வாய். என்னிடம் இல்லாத தைரியம் உனக்கு வேண்டும். நோய் ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் மருந்தைத் தொடவே வேண்டாம். இன்னும் வேலை செய்கிற அந்த ஒன்றிரண்டு மருந்து, பிள்ளைக்கு நிஜமாகவே வேண்டிய நாளில் வேலை செய்யும். மஞ்சள் பையைச் சுகாதார நிலையத்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். உன் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும், தேடிப் பார்.

எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேள். "அப்பா, கையைக் காட்டு, காலைக் காட்டு, புண்ணு கீதா?" என்று அத்தை காதுபடக் கேள். ஊரார் முன்னால் அப்பனைக் கேட்டுவிட்டால் அப்புறம் உன்னை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிக் காட்டுவேன். எனக்கு அவமானமாக இருந்தால் அது என் பாடு. ரேவதியிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாமா என்று அந்த நர்ஸம்மாவைக் கேட்டிருக்கலாம், எனக்கு அது பஸ் ஒரகடம் தாண்டின பிறகுதான் தோன்றியது.

இசக்கி முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டினாள். எதுவும் விடவில்லை. இன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது சுங்குவார்சத்திரத்தில் இறங்கி உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். கீழே கைநாட்டு வைத்தேன், பார். வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், அந்த நர்ஸம்மா சொன்னபடி கட்டைவிரலை மற்றக் கைக்குள் பிடித்துத் திருகித் திருகிக் கழுவினேன். போய்விட்டது என்று நினைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், ரேகைக்குள்ளே இன்னும் நீலம் இருக்கிறது. இது மை, அதனால் தெரிகிறது. இன்னொரு தபா சோப்பு போடப் போகிறேன்.

உன் அப்பா